நெஞ்சு வலியும் நெஞ்சின் வலியும்

தமிழில் 'நெஞ்சு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மார்பு என்னும் உறுப்பையும் அது குறிக்கும், மனத்தையும் குறிக்கும். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றும் 'நெஞ்சொடு புலத்தல்' என்றும் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. அங்கே பேசப்படுவது மார்பன்று, மனமே. ஆனால், "நெஞ்சு வலிக்கிறது" என்று ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், வீட்டார் மனத்தை நினைப்பதில்லை. மாரடைப்பை நினைத்தே நடுங்குகின்றனர். அவ்வாறு நினைப்பது முறையே ஆகும். அதன் பின்பு என்ன செய்கிறோம் என்பதே இந்தப் பேச்சின் பொருள்.

நாற்பது வயதுள்ள ஒரு குடும்பத் தலைவரை எடுத்துக்கொள்வோம். சவ்வாது மலையில், சமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அவர் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் இரவு திடீரென மார்பு இறுகுகிறது, இதயம் படபடக்கிறது, உடல் வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. உயிர் போய்விடும் என்றே அவர் எண்ணுகிறார். உறவினர் அவரை மலைப்பாதை வழியே போளூருக்கு இறக்கிக் கொண்டுவருகின்றனர். டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார், குருதியையும் சோதிக்கிறார். இதயத்தில் பழுதில்லை. "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்.

வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால், பத்து நாள் சென்றதும் அதே வலி மீண்டும் வருகிறது. திருவண்ணாமலைக்குப் போகிறார்கள், பிறகு வேலூருக்குப் போகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் சோதனை. ஒவ்வோர் இடத்திலும் "ஒன்றுமில்லை" என்னும் அதே விடை. கையிருப்புத் தீர்ந்து கடன் ஏறுகிறது. வேலைக்குப் போக அச்சம். தனியே இருக்க அச்சம். "ஒன்றுமில்லாததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று உறவினர் முணுமுணுக்கத் தொடங்குகின்றனர். வலியோ பொய்யன்று. வலிக்கும் காரணம் கிடைக்கவில்லை. காரணம் கிடைக்காததனால் அவர் பொய்யராகக் கருதப்படுகிறார்.

இங்கே நாம் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். "இதயத்தில் நோயில்லை" என்பது ஒரு செய்தி. "நோயே இல்லை" என்பது வேறொரு செய்தி. முன்னதைப் பின்னதாகக் கொள்வதே நாம் செய்யும் பிழை. "ஒன்றுமில்லை" என்னும் சொல் பாதி விடைதான். மீதிப் பாதியைத் தேட வேண்டிய இடங்களுள் மனமும் ஒன்று.

மருத்துவ உலகம் இந்த உண்மையை எளிதில் அறிந்துகொள்ளவில்லை. இதய நாளங்கள் குறுகுவதால் உண்டாகும் நெஞ்சு வலியை லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-ஆம் ஆண்டில் தெளிவாக விளக்கினார். நடக்கும்போது வந்து, நின்றால் தணியும் அந்த வலியின் இயல்பை அவர் எடுத்துரைத்தார். அதன்பின் நூறாண்டு கழித்து வேறொரு புதிர் தோன்றியது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அப்போது பிலடெல்பியா நகரத்துப் படை மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்னும் மருத்துவர், படைவீரர் பலரை ஆராய்ந்தார். அவர்களுக்கு நெஞ்சு வலி, படபடப்பு, இளைப்பு, தலைச்சுற்றல் எல்லாம் இருந்தன. ஆயினும், அவர்களுட் பலருடைய இதயத்தில் அத்துன்பத்திற்குத் தக்க பழுது எதுவும் தென்படவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட வீரர்களை ஆராய்ந்து, 1871-இல் அவர் தம் கட்டுரையை வெளியிட்டார். அந்நிலைக்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். பிறர் அதனைப் 'படைவீரன் இதயம்' என்றனர்.

அதே 1871-ஆம் ஆண்டில்தான் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மனநோயாளருக்கான புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது. சென்னையில் அத்தகைய இல்லம் ஒன்று 1794-லேயே தோன்றியிருந்தது. அதன் வழிவந்ததே கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை. இதயத்தை ஆராய்ந்தவர் ஒரு பக்கம். மனநோயைப் பேணியவர் மற்றொரு பக்கம். இருவருக்கும் இடையே அன்று பாலம் இல்லை.

முதல் உலகப் போரில் இப்புதிர் மீண்டும் எழுந்தது. பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1918-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல், பால் வுட் என்னும் இதய மருத்துவர் துணிந்து ஒரு முடிவைச் சொன்னார். இந்நோயின் வேர் இதயத்தில் இல்லை, அச்சத்திலும் பதற்றத்திலுமே இருக்கிறது என்பது அவர் முடிவு. அதனைச் சொன்னவர் மனநோய் மருத்துவர் அல்லர். இதய மருத்துவரே என்பது கருதத்தக்கது. பின்னர் 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 'பீதிக் கோளாறு' என்பது தனி நோயாக இடம் பெற்றது.

நிற்க. மனத்தில் தோன்றும் அச்சம் மார்பில் வலியாக மாறுவது எவ்வாறு? உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை நம் முன்னோர் 'மெய்ப்பாடு' என்றனர். தொல்காப்பியர் அதற்கென ஓர் இயலே வகுத்தார். அவர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அவர் கண்டது இலக்கியத்திற்கான நெறி. அதன் உடலியல் காரணத்தை இக்கால அறிவியல் விளக்குகிறது.

நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாமல் தானே இயங்கும் நரம்புத் தொகுதி ஒன்று நம் உடலில் உண்டு. இடர் நேரும்போது அது விழித்தெழுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் சேர்க்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகம் கொள்கிறது, தசைகள் இறுகுகின்றன, வியர்வை பெருகுகிறது. பகையை எதிர்த்து நிற்கவோ, தப்பி ஓடவோ உடலை ஆயத்தம் செய்யும் ஏற்பாடு இது. அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினார்.

புதரில் பாம்பைக் கண்டவனுக்கு இந்த ஏற்பாடு உயிர்க் காவல். ஆனால், பாம்பு இல்லாதபோதும் மணி அடித்தால்? கடன் கவலை, தேர்வுக் கவலை, உற்றாரை இழந்த துயரம் ஆகியவை நெடுநாள் மனத்தை அழுத்தினால், அந்தக் காவல் மணி காரணமின்றியே அடிக்கக்கூடும். அப்போது மார்புத் தசைகள் நெடுநேரம் இறுகி வலிக்கின்றன. மூச்சு அளவுக்கு மீறி வேகமாக ஓடுவதால் குருதியிலுள்ள கரியமில வாயு குறைகிறது. அதன் விளைவாகத் தலை சுற்றுகிறது. விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப் போகின்றன. மார்பில் இறுக்கம் மிகுகிறது. இதயத்திலிருந்தும், உணவுக் குழலிலிருந்தும், மார்புச் சுவரிலிருந்தும் வரும் நரம்புச் செய்திகள் முதுகுத் தண்டின் ஏறத்தாழ ஒரே பகுதி வழியாக மூளையை அடைகின்றன. ஆதலால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையாலும் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை.

இவற்றோடு எண்ணமும் சேர்கிறது. போளூரில் உள்ளவர்கள் சம்பத்கிரி மலையின் படிகளில் ஏறியிருப்பார்கள். மேலே சென்றதும் இதயம் அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது. எவரேனும் அஞ்சுகிறோமா? இல்லை. ஏன்? காரணம் நமக்குத் தெரியும். மலை ஏறினோம், அதனால் துடிக்கிறது என்கிறோம். அதே துடிப்பு, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தால், "இதயத்திற்கு ஏதோ நேர்ந்துவிட்டது" என்று மனம் பதறுகிறது. பதற்றத்தால் அட்ரினலின் மேலும் சுரக்கிறது. துடிப்பு மேலும் கூடுகிறது. "சந்தேகமே இல்லை, இது சாவுதான்" என்று மனம் தீர்மானிக்கிறது. அச்சம் துடிப்பை வளர்க்க, துடிப்பு அச்சத்தை வளர்க்க, இரண்டும் செக்கு மாட்டைப் போல் ஒரே வட்டத்தைச் சுற்றுகின்றன. பீதி நோயின் நடுவில் உள்ளது இந்த வட்டமே என்று ஆங்கில உளவியலறிஞர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கினார்.

நெஞ்சு வலியாக வெளிப்படும் மனநலக் கோளாறுகள் பல. முதலாவது, மேலே கூறிய பீதிக் கோளாறு. அது திடீரென எழுந்து, சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, பின்னர்த் தணியும். மீண்டும் எப்போது வருமோ என்னும் அச்சம் மட்டும் தணியாது. இரண்டாவது, பொதுப் பதற்றக் கோளாறு. இதில் கவலை உச்சத்திற்குச் செல்லாமல், இடைவிடாது மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, மனச்சோர்வு. துயரத்தைத் துயரம் என்று சொல்லத் தெரியாதவரும், சொல்ல வெட்கப்படுபவரும் "மார்பு கனக்கிறது, உடம்பு வலிக்கிறது" என்றே டாக்டரிடம் வருவர். நான்காவது, நோயச்சம். எத்தனை சோதனை செய்தும், தமக்குக் கொடிய நோய் உண்டு என்னும் எண்ணம் இவர்களை விடுவதில்லை.

இவை எங்கோ ஒருவருக்கு வரும் அரிய நோய்கள் அல்ல. கனடா நாட்டில் மான்ட்ரியால் நகரத்து இதய மருத்துவ நிலையத்தில் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சி 1996-இல் வெளிவந்தது. நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 441 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பீதிக் கோளாறு இருந்தது. அவர்களுள் நூற்றுக்கு 98 பேருடைய அந்த நோயை, அங்கே பரிசோதித்த மருத்துவர்கள் கண்டறியவில்லை. அதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. பீதி நோயுற்றோருள் கால் பங்கினர்க்கு, அதற்கு முந்தைய வாரத்தில் வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்திருந்தது. "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவைக்கப்பட்டவர் பலர், இத்தகைய சுமையோடு வீடு திரும்பினர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடந்துள்ளது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடையே பதற்றமும் மனச்சோர்வும் எந்த அளவில் உள்ளன என்று ஆராய்ந்து, 2004-இல் அதன் முடிவை வெளியிட்டனர்.

மாணவர்களே, இதுவரை கூறியதைக் கேட்டு, நெஞ்சு வலி எல்லாம் மனத்தின் வேலை என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. அது முன்னதைவிடப் பெரிய ஆபத்து. பிற நாட்டாரை நோக்க, நம் நாட்டு மக்களுக்கு மாரடைப்பு இளம் வயதிலேயே வருகிறது. மார்பின் நடுவில் பாரம் வைத்தாற்போன்ற வலி, அது இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, நடந்தால் மிகும் வலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகிய குறிகள் தோன்றினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். பெண்களுக்கும், முதியோருக்கும், நீரிழிவு உள்ளோருக்கும் இக்குறிகள் தெளிவாகத் தோன்றாமலே மாரடைப்பு வரலாம். "வெறும் வாயுப் பிடிப்பு" என்று சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்து, மீண்டும் எழாதவர்களும் உண்டு. ஆதலால், முதலில் இதயத்தைச் சோதித்தே ஆக வேண்டும். இ.சி.ஜி.யும், இதயத் தசை சிதைந்தால் குருதியில் மிகும் டிரோபோனின் என்னும் பொருளின் சோதனையும் அதற்கே உள்ளன. இதயமா, மனமா என்று தீர்மானிப்பது டாக்டரின் வேலை. நோயாளியின் வேலையன்று, பக்கத்து வீட்டாரின் வேலையும் அன்று.

இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதும் நினைவில் நிற்றல் வேண்டும். மேலே கூறிய மான்ட்ரியால் ஆராய்ச்சியில், பீதிக் கோளாறு உள்ளோருள் நூற்றுக்கு 44 பேர் இதய நாள நோயும் உடையவராக இருந்தனர். மற்றும், பெருந்துயரம் சில வேளைகளில் இதயத்தையே தாக்கும். அன்புக்குரியவரை இழந்த அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாக வலுவிழந்து, ஒரு பக்கம் பலூன் போல் உப்பும் நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ஆம் ஆண்டில் விவரித்தனர். அந்நாட்டு மீனவர் ஆக்டோபஸ் என்னும் எண்காலியைப் பிடிக்கப் பயன்படுத்தும் 'டகோட்சுபோ' என்னும் பானையின் வடிவை அவ்விதயம் ஒத்திருந்தமையால், அப்பெயரையே அந்நோய்க்கு இட்டனர். மேலும், இதயம் நலமாக இருந்தும் வலிப்பதற்கு மனமே காரணம் என்றும் உடனே சொல்லிவிட முடியாது. இரைப்பை அமிலம் உணவுக் குழலில் ஏறுவதாலும், விலா எலும்பின் குருத்தெலும்பு வீங்குவதாலும், நுரையீரல் நோயாலும் வலி வரக்கூடும். அவற்றையும் ஆராய்ந்தே மருத்துவர் முடிவுக்கு வருவர்.

மனமே காரணம் என்று தெளிந்தால், அதற்கு மருத்துவம் உண்டா? உண்டு, பெரும்பாலும் நல்ல பயனும் தரும். முதல் மருந்து விளக்கமே. "உங்கள் வலி உண்மையானது. இதயம் நலமாக உள்ளது. அச்சத்தால் உடல் இவ்வாறு இயங்குகிறது" என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னாலே சிலருக்குப் பாதித் துன்பம் குறைகிறது. அடுத்து, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் உளவியல் சிகிச்சை. படபடப்பைச் சாவின் அறிகுறியாகக் கொள்ளும் எண்ணத்தை ஆராய்ந்து மாற்றவும், அஞ்சி ஒதுங்கிய செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் செய்யவும் அது பயிற்றுகிறது. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடும் பயிற்சியும் துணை செய்யும். ஒரு காலத்தில் காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் வழக்கம் இருந்தது. இதய நோயோ நுரையீரல் நோயோ மறைந்திருந்தால் அது தீங்காக முடியும் என்பதால், இன்று அதனை மருத்துவர் விரும்புவதில்லை. தேவையானவர்க்கு மாத்திரைகளும் உண்டு. அவை பயன் தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, இடையில் நிறுத்தவும் கூடாது.

"மனநோய் மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?" என்பதே பலருக்கும் தடை. கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாகப் பயன்படுத்திய சமுதாயம் நாம். ஆனால், அந்த மருத்துவமனையின் வரலாற்றையே பாருங்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அங்கே புறநோயாளர் பிரிவு வளர அவர் உழைத்தார். காலையில் வந்து மருத்துவரைக் கண்டு மாலையில் வீடு திரும்பலாம் என்னும் நிலை ஏற்பட்டதும், பூட்டிய கதவைப் பற்றிய அச்சம் குறைந்தது. வேலூரை அடுத்த பாகாயத்தில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனநல மருத்துவ நிலையத்தில், உள்நோயாளரோடு குடும்பத்தினரும் தங்கியிருந்து பேணும் முறை வேரூன்றியுள்ளது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதன்று, குடும்பத்தையே மருத்துவத்தில் துணை சேர்ப்பது அதன் நோக்கம். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் தொடங்கப்பட்டது. தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் 'டெலி மானஸ்' என்னும் அரசுச் சேவை 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கியது. 14416 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். மலையூரில் இருப்பவரும் பேருந்துச் செலவின்றி முதல் உதவியைப் பெற இது வழி செய்கிறது.

இதில் உங்கள் பங்கு என்ன? பல்லாண்டு ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்னும் முறையில் சில சொல்வேன். அரசுத் தேர்வு நெருங்கும்போது மார்பு படபடக்கிறது என்றும், வயிறு வலிக்கிறது என்றும் சொல்லும் மாணவரை எல்லாப் பள்ளிகளிலும் காணலாம். "படிக்காததற்குச் சாக்கு" என்று அவரை எள்ளி நகையாடுவது எளிது. சாக்குச் சொல்பவர் சிலர் இருக்கலாம். ஆனால், உண்மையாகவே வலிப்பவர் அந்த நகைப்பைக் கேட்டு, அடுத்த முறை வலியையும் சொல்லமாட்டார், அதன் பின்னே உள்ள துயரத்தையும் சொல்லமாட்டார். எனவே, உங்கள் தோழன் நெஞ்சு வலிக்கிறது என்றால், முதலில் அவனை ஆசிரியரிடமும் டாக்டரிடமும் அழைத்துச் செல்லுங்கள். இதயம் நலமே என்று தெரிந்த பிறகு, "ஒன்றுமில்லையாமே!" என்று விட்டுவிடாதீர்கள். "உனக்கு என்ன கவலை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், விடை வரும்வரை பொறுத்திருங்கள். வாழ்வில் வெறுப்புற்றதாக அவன் ஒரு சொல் சொன்னாலும் அதை இரகசியமாக வைத்துக்கொள்ளாமல், நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் அன்றே தெரிவியுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது, காப்பாற்றுவதே ஆகும்.

வீட்டில் தாயோ தந்தையோ மீண்டும் மீண்டும் நெஞ்சு வலியால் துன்புற்று, சோதனையில் எதுவும் காணப்படாவிட்டால், அவரிடம் "நடிக்கிறீர்கள்" என்று எவரும் சொல்ல இடம் கொடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் செல்லும்போது உடன் செல்லுங்கள். உறக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் என்ன கவலை என்பனவற்றையும் டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள். இ.சி.ஜி. கருவி காட்டாத செய்தி அதில் இருக்கக்கூடும்.

நோயையும் அதன் முதற் காரணத்தையும் நாடி அறிந்த பின்பே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. மார்பைச் சோதித்து, அங்கே காரணம் இல்லையென்று கண்டு, தேடுவதையும் அங்கேயே நிறுத்திவிட்டால் அந்நெறியில் பாதி வழிதான் வந்திருக்கிறோம். மார்பைக் கேட்ட பிறகு மனத்தையும் கேட்போம். நெஞ்சு என்னும் ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிய மொழிக்கு உரியவர்களாகிய நமக்கு அது அரிய செயலன்று.